முயலுக்கு மூன்று கால்

உ

கிங்ஸ்பரி
பங்குனி 9

மதிப்புக்குரிய மச்சான் பாலேந்திரா அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் கனகலிங்கம் எழுதிக்கொள்வது. ஸ்ட்ரெதமில் நீங்களும் மச்சாளும் பிள்ளையார் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கே நான் சுகம். சிவகௌரியும் சுகம் என்று அடுத்த வரி வரவேண்டும். அந்த வரியை எழுதத்தான் கை போகவில்லை. கடிதத்தை முழுவதும் வாசித்துவிட்டு, அவள் சுகமா என்பதையும், அதற்கு முதல் அவள் அவள்தானா என்பதையும் நீங்களே தீர்மானியுங்கள்.

இந்தக் காலத்தில் கடிதம் ஏன் என்று யோசிப்பீர்கள். நான் வாட்ஸ்அப்பில் எதை அனுப்பினாலும் அது கௌரியின் ஐபாட்டிலும் டிங் என்று விழுகிறது. மகள் மேனுஷா அப்படித்தான் இரண்டையும் இணைத்துப் பூட்டித் தந்திருக்கிறாள். போனில் கதைத்தால் சுவருக்குக் காது இருக்கிறது. நேரில் வரலாமென்றால் நான் சப்பாத்தைப் போட்டவுடனே அவள் படியில் வந்து நின்று பார்க்கிறாள். ஆகவே பேனா. முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னர் ஈஸ்ட் ஹாம் மண்டபத்தில் அவளை என் கையில் பிடித்துத் தந்தவர் நீங்கள். தந்த பொருளில் சந்தேகம் வந்தால் தந்தவரிடம்தானே சொல்ல வேண்டும்? கோபிக்க வேண்டாம்.

நான் இருபத்தெட்டு வருடம் லண்டனில் பஸ் ஓட்டிவிட்டுக் கார்த்திகையில் ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரியும். தை மாதம் மேனுஷா வந்து, "அப்பா, மூண்டு மாசமா ரீவிக்கு முன்னாலயே இருக்கிறீங்கள். அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஸ்கொட்லாந்துக்குப் போங்கோ. மவுண்டன்ஸ், ஸ்னோ, வைல்ட்லைஃப். பிளீஸ், டோன்ட் ஃபைட்" என்றாள். நான்கு நாள் தங்க இடம் பிடித்து, வழியெல்லாம் அச்சடித்துத் தந்தாள். கடைசிச் சொல்லை அந்தக் கடதாசியிலும் இரண்டு கோடு கீறி எழுதியிருந்தாள்.

வெளிக்கிடும்போதே முழுவியளம் சரியில்லை. கதவைத் திறக்க எதிரே சகுனமாக வந்தது கவுன்சில் குப்பை லொறி. கௌரி திரும்ப உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். புட்டுப் பெட்டி, சம்பல் போத்தல், தேத்தண்ணிப் பிளாஸ்க் எல்லாம் காரில் ஏறின. கூடவே ஒரு தொப்பி. எனக்காக அவளே கம்பளியில் பின்னியது. கத்தரிக்காய் நிறம், காதை மூடும், நாடிக்குக் கீழே முடிச்சுப் போடலாம். அதைப் போட்டால் பெத்த பிள்ளைக்கே என்னை அடையாளம் தெரியாது. கிங்ஸ்பரியிலிருந்து ஸ்கொட்லாந்து எல்லை வரைக்கும் "தொப்பியைப் போடுங்கோ" என்று நாற்பத்தொரு தரம் சொன்னாள். காருக்குள்ளே ஹீட்டர் இருபத்துநாலில் நிற்கிறது, மச்சான். "அப்ப சளி பிடிச்சு, பேந்து நெஞ்சு நோகுது எண்டு என்னட்ட வராதேங்கோ" என்று நாற்பத்திரண்டாம் தரம். உங்கள் தங்கையின் வாயைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சின்னனில் உங்கள் பல்லையே உடைத்தவள். வாய்க்கு முன்னர் கை வந்த காலம் அது.

தங்கின வீட்டுக்காரி எழுபது வயது வெள்ளைக்கார மனுசி. அவளுடைய ஸ்கொட்லாந்து ஆங்கிலத்தில் எனக்குப் பாதிதான் விளங்கியது. அவளின் கிழட்டு நாய் வந்தவுடனே என் கால் மேலே தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. மலை முயலெல்லாம் பனிக்காலத்தில் வெள்ளையாகிவிடும், பங்குனி பிறக்கத் திரும்பவும் கபில நிறமாகும் என்று அவள் சொன்னாள். மேகம் தரைக்கு இறங்கினால் காரை விட்டு இறங்க வேண்டாம் என்றும் சொன்னாள். "இறங்கினால் வழி தவறிப் போய்விடுமோ?" என்று கேட்டேன். "இல்லை, திரும்பி வருவார்கள், ஆனால்" என்றாள். அதோடு எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டாள். 'ஆனால்' என்று சொல்லிவிட்டு ஒரு மனுசி எழும்பிப் போனால் மற்றவன் எப்படி நித்திரை கொள்வது?

அடுத்த நாள் பத்து மணிக்கு மலையில் ஏறினோம். முதலில் கண்டது மான்கள். முப்பது நாற்பது இருக்கும், ரோட்டோரம் வயிறு ஒட்டிப்போய் நின்றன. கௌரி கண்ணாடியை இறக்கி, "பாவங்கள், தின்ன ஒண்டுமில்லை" என்று புட்டுப் பெட்டியைத் திறந்தாள். "சம்பல் பிரண்ட புட்டைக் குடுத்தியெண்டால் அது இன்வெர்னஸ் மட்டும் நிக்காமல் ஓடும்" என்றேன். கௌரி சிரித்தாள். அதுதான் நான் கண்ட கடைசிச் சிரிப்பு. பிறகு ஒரு பெரிய பறவை வட்டமடித்தது. நான் கழுகு என்றேன், அவள் காகம் என்றாள். மூன்று மைல் தூரம் அதிலே போனது. அந்தச் சண்டைக்குள்ளேதான் நான் ஒன்றைக் கவனித்தேன். பின்னால் விட்டு வந்த மான்கள் எல்லாம் தலையை நிமிர்த்தி ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நின்றன. எங்களை அல்ல, எங்களுக்கு முன்னால் இருந்த மலையை. பஸ்காரன் நான், கண்ணாடியில் கண்டது பொய்க்காது.

மேலே போகப் போக நிலம் எது வானம் எது என்று தெரியவில்லை. சத்தமும் இல்லை. லண்டனில் இருப்பவனுக்குச் சத்தம் இல்லாவிட்டால் ஏதோ பழுதென்றுதான் மனம் சொல்லும். என்ஜின் நின்றுவிட்டதோ என்று இரண்டு தரம் பார்த்தேன். கௌரியும் கதையை நிற்பாட்டிவிட்டுக் கழுத்துச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அப்போதுதான் நட்டநடு ரோட்டில் அந்த முயல்.

முழு வெள்ளை. காது நுனி மட்டும் கறுப்பு. நான் பிரேக் போட்டேன். முயல் என்றால் ஓட வேண்டும். இது ஓடவில்லை. பின்னங்காலில் எழும்பி நின்று, அளவெடுக்கிற தையல்காரன் மாதிரி எங்களை மேலும் கீழும் பார்த்தது. பிறகு ஆறுதலாகத் திரும்பி வெள்ளைக்குள்ளே போய்விட்டது. பனியில் தடம் கிடந்தது. நான் எண்ணினேன். மூன்று. அடுத்த பாய்ச்சல், அதுவும் மூன்று. சத்தியமாகப் பகிடிக்கு இல்லை, மச்சான். "கௌரி, உந்த முயலுக்கு மூண்டு கால்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை உங்களால் நினைத்துப் பார்க்க ஏலும். "முப்பத்தைஞ்சு வருசமா நீங்கள் பிடிச்ச முயலுக்கெல்லாம் மூண்டு கால்தான். இண்டைக்கு ஓடுற முயலுக்கும் மூண்டு காலோ? கண்டறியாத முயல்!" என்றாள். நான் விடவில்லை. அவளும் விடவில்லை. கழுகு திரும்ப வந்தது, எங்கள் கலியாணத்தில் ஐஸ்கிறீம் பத்தாமல் போனது வந்தது, நான் ஓய்வு பெற்ற பார்ட்டியில் பேசிய பேச்சு வந்தது. கடைசியில், இறங்கி எண்ணிப் பார்த்தால் தெரியும் என்று முடிந்தது. கதவு திறந்தது. குளிர் உள்ளே வந்தது. அவள் "போறன்" என்றாள்.

மச்சான், கவனியுங்கள். "போட்டு வாறன்" இல்லை. "போறன்." முப்பத்தைந்து வருடத்தில் பால் வாங்கக் கடைக்குப் போனாலும், பின்வளவில் உடுப்புக் காயப்போடப் போனாலும், "போட்டு வாறன்" என்று சொல்லாமல் படி இறங்காத பெண்சாதி. நான் ஒருநாள் ஷிப்டுக்கு "போறன்" என்று வாய்தவறிச் சொன்னதற்கு, திரும்பக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தி, மாற்றிச் சொல்ல வைத்து அனுப்பினவள். அப்படிப்பட்டவள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போனாள். போக மேகம் இறங்கியது.

ஹோர்ன் அடித்தேன், எனக்கே கேட்கவில்லை. "கௌரி, கௌரி" என்று கத்தினேன், என் குரல் வாய்க்கு வெளியே போகவில்லை. நேரம் இருபது நிமிடம். முதலில் நல்ல குளிர். பிறகு அது நின்றுவிட்டது. அன்று நின்ற குளிர் இன்று வரைக்கும் எனக்கு வரவில்லை, அது வேறு கதை. மேகம் எழும்பிப் பார்த்தால் அவள் பக்கத்துச் சீட்டில் இருக்கிறாள்! கதவு திறந்த சத்தமில்லை. சப்பாத்தில் பொட்டுப் பனி இல்லை. மடியில் என் தொப்பி. முகம் வெளிறிப்போய் என்னையே பார்த்துக்கொண்டு, "எண்ணினீங்களோ? எத்தினை கால்?" என்று கேட்டாள். எண்ணப் போனவள் அவள், கேட்பது என்னிடம். மகள் சண்டை வேண்டாமென்று எழுதித் தந்தது நினைவுக்கு வந்தது. "நாலு" என்றேன். வென்றவள் துள்ள வேண்டுமா இல்லையா? அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காரைத் திருப்பும்போது பனியைப் பார்த்தேன். ஒரு சப்பாத்துத் தடம் வெள்ளைக்குள்ளே போயிருந்தது, திரும்பி வரவில்லை. அதே வழியால் கார்க் கதவடி வரைக்கும் வந்திருந்தது முயல் தடம். நிற்காமல் அப்படியே கீழே ஓட்டிவந்தேன்.

வீட்டுக்காரியின் நாய் எங்களைக் கண்டவுடன் குரைத்துக்கொண்டு மேசைக்குக் கீழே புகுந்தது. பிறகு வெளியே வரவேயில்லை. மற்ற இரண்டு நாளையும் விட்டுவிட்டு லண்டனுக்கு வந்துவிட்டோம். ஒன்பது மணித்தியால ஓட்டத்தில் "தொப்பியைப் போடுங்கோ" என்று ஒரு தரம், ஒரே ஒரு தரம்கூட அவள் சொல்லவில்லை. வழி முழுக்க அதற்காகக் காது கொடுத்துக்கொண்டே வந்தேன்.

அன்றிலிருந்து வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். அவள் ஏசுவதில்லை. கோப்பையை உடைத்தேன், பேசாமல் கூட்டி அள்ளினாள். பழைய கௌரி என்றால் அந்தக் கோப்பையின் பிறந்த நாளிலிருந்து தொடங்கியிருப்பாள். கறியில் தூள் இல்லை. சில நாள் கறியே இல்லை, தட்டில் பச்சைக் கரட்டும் கோவா இலையும் வெட்டி வைத்துவிட்டு எதிரில் இருந்து நான் தின்பதைப் பார்க்கிறாள். சாப்பாட்டில் குறை சொல்லக்கூடாது, நான் எல்லாம் தின்றுவிடுகிறேன், ருசியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் அப்படிச் செய்வாளா? பக்கத்து வீட்டு நாய் நாங்கள் பின்வளவுக்கு வந்தாலே வேலியைப் பிய்க்கிறது. பயத்தில் எனக்குத் தலைமயிர் முழுக்க வெளுத்துப் போய்விட்டது. டை அடித்தும் பிடிக்கவில்லை.

போன கிழமை விம்பிள்டன் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். என் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்யச் சொன்னாள். நான் பக்கத்தில் தூணோடு நிற்கிறேன். ஐயர், "ஐயா வரேல்லையோ?" என்று கேட்டார். இவள், "இல்லை ஐயா, அவர் இன்னும் வரேல்லை" என்றாள். பார்த்தீர்களா மச்சான்? கட்டின புருசனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு! வீட்டுக்கு வந்து, கொளுக்கியில் என் தொப்பியைக் காணவில்லையே, எங்கே என்று கேட்டேன். "உங்களுக்கு அது தேவையில்லை" என்றாள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னாள் தெரியுமோ? வந்த விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி.

நேற்று மத்தியானம் மேல் அறையில் கதவைச் சாத்திப்போட்டு ரெயில் டிக்கெற்றுக்குப் போனில் கதைத்தாள். எனக்கு இப்போது காது நல்ல கூர்மை. ஆஸ்பத்திரியில் தந்த காது மெஷினைக் கழற்றி மேசை லாச்சிக்குள்ளே போட்டுவிட்டேன். கீழே இருந்தபடியே ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "ஒண்டு போக, ரெண்டு வர" என்கிறாள். ஒண்டு போக ரெண்டு வர ஆர் மச்சான் டிக்கெற் எடுக்கிறது? மலையில் இன்னும் ஒன்று இருக்கிறதா? அதையும் கூட்டிக்கொண்டு வரப் போகிறாளா?

என் கோரிக்கை இதுதான். வருகிற ஞாயிறு நீங்கள் ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் வரவேண்டும். தேத்தண்ணி குடிக்க வந்த மாதிரி வாருங்கள். சின்னனில் உங்கள் எந்தப் பல்லை எதால் உடைத்தாள் என்று அவளிடம் கேளுங்கள். உண்மையான சிவகௌரிக்கு மட்டும்தான் அது தெரியும். சொன்னாளென்றால் நான் விசரன் என்று ஒப்புக்கொண்டு, நீங்கள் சொல்கிற டொக்டரிடம் வாறன். சொல்லாவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்லட்டோ மச்சான்? இவளில் ஒரு பிழையும் இல்லை. சாதுவான பெண். எத்தனை ஆம்பிளையள் இப்படி ஒருத்திக்கு நேர்த்தி வைக்கிறாங்கள்? எனக்கு வேண்டாம். எனக்கு என்ர கௌரி வேணும். அவளின்ர வாய் வேணும். காலமை எழும்பினவுடனே "ஈரத் துவாயை ஏன் கட்டிலில போட்டனீங்கள்" எண்டு தொடங்கிற அந்தச் சத்தம் இல்லாமல் எனக்கு விடியுதே இல்லை. தெரிஞ்சிருந்தால் எல்லையிலேயே அந்தக் கத்தரிக்காய்த் தொப்பியைப் போட்டிருப்பன்.

உங்கள் முழங்கால் நோவைப் பிள்ளையார் எடுத்துவிட்டு, அந்த முழங்காலோடேயே ஞாயிறு உங்களைக் கிங்ஸ்பரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பாராக. மச்சாளுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் தங்கை(?) கணவன்,
க. கனகலிங்கம்

பி.கு.: அண்ணை, இனி எழுதிறது சிவகௌரி. இந்தக் கடிதம் பிறிட்ஜுக்குள்ள, கரட் லாச்சியில கிடந்து எடுத்தனான். ஒளிக்க வேற இடம் தெரியேல்லை அதுக்கு. நானே முத்திரை ஒட்டிப் போடுறன்.

உங்கட பல்லு மேல் வரிசை, இடப்பக்கம், ரெண்டாவது. தேங்காய்ச் சிரட்டையால. நீங்கள் என்ர மாம்பழத்தைத் திண்டதுக்கு. இனி நான் ஆரெண்டதில உங்களுக்குச் சந்தேகம் இருக்காது.

சப்பாத்தில பனி எப்பிடி அண்ணை இருக்கும்? நான் காரை விட்டு இறங்கவேயில்லை. "பெரிய ஆள், இறங்கி எண்ணிக் காட்டுங்கோ பாப்பம்" எண்டு சொன்னது நான். இறங்கினது அவர். "போறன்" எண்டு சொன்னதும் அவர்தான். கூப்பிட்டு மாத்திச் சொல்ல வைச்சிருக்க வேணும். கோபத்தில வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன். வாழ்க்கையில ஒரே ஒருக்கா வாயை மூடினனான், அண்ணை.

முயல் தடம் கார்க் கதவடிக்கு வந்தது எண்டு எழுதியிருக்கு. எந்தக் கதவெண்டு எழுதேல்லை. ட்ரைவர் பக்கக் கதவு. அது ஏறி இருந்தவுடனே எத்தினை கால் எண்டு கேட்டன். "நாலு" எண்டுது. உங்களுக்கு அவரைத் தெரியும். கழுத்தில கத்தியை வைச்சாலும் நாலெண்டு சொல்லுவாரோ? போன கிழமை தொடக்கம் காதுக்குப் பின்னால வெள்ளை மயிர் கபிலமா மாறிக்கொண்டு வருது. டை இல்லை, நான் போத்தலை எறிஞ்சு கனநாள்.

இது கெட்டதில்லை, அண்ணை. சொல்வழி கேக்கும், கோப்பை கழுவும், தன்னைத் தானெண்டே நம்பிக்கொண்டிருக்கு. அதுதான் பாவம். எழுதேக்க மட்டும் அவற்ற கோபமும் அவற்ற நக்கலும் அப்பிடியே வருது. துவாய்க் கதையை வாசிச்சிட்டுக் குசினியில இருந்து அழுதனான். ஆனால் அந்த மனுசன் ஆறு கிழமையா அங்க பனிக்குள்ள நிக்குது, தலையில ஒண்டுமில்லாமல். மூண்டெண்டு ஒத்துக்கொள்ள ஒருத்தரும் இல்லாமல்.

நாளைக்குக் காலமை யூஸ்டனில ரெயில். தொப்பி என்ர பையுக்குள்ள. பனி கரைய முந்திப் போகவேணும். இதுக்கு நாலு நாளைக்குக் காணக்கூடிய கரட் வைச்சிருக்கிறன், ஞாயிறு வந்தால் தண்ணி மாத்திவிடுங்கோ. முயலுக்கு மூண்டு கால்தான் எண்டு அந்த ரோட்டில நிண்டு நான் கத்தப் போறன், அதுக்கு வராத மனுசன் வேற எதுக்கும் வராது.

அண்ணை, போட்டு வாறன். வடிவா வாசியுங்கோ. போட்டு வாறன்.